முழங்காலின் பின்புறம் மெத்தையைத் தொட்டது

அன்புத் தோழிக்கு,

உன்னுடைய இரண்டு கடிதங்களும் ஐந்து மாதங்களாக என் மேசையின் மீது இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் எடுத்துப் படிப்பேன், பதில் எழுத வேண்டும் என்று நினைப்பேன், பிறகு நல்ல செய்தி ஒன்று கிடைக்கட்டும் என்று மூடி வைத்துவிடுவேன். அது தவறு. நலமற்ற நாட்களில்தான் உனக்கு எழுதியிருக்க வேண்டும். உன் வீட்டில் அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

இன்று காலை அந்தச் செய்தி கிடைத்துவிட்டது. விழித்ததும் வழக்கம்போல் படுத்தபடியே, இரண்டாம் அறுவை சிகிச்சையில் செயற்கை முழங்கால் மூட்டை மாற்றிவைத்த வலது காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, பத்து எண்ணும் வரை பிடித்திருந்தேன். அப்போது முழங்காலின் பின்புறம் மெத்தையைத் தொட்டது. நம்ப முடியாமல் இடையே கையை நுழைத்துப் பார்த்தேன். நேற்று வரை விரல்கள் தாராளமாகப் போய்வந்த இடத்தில் இன்று விரல் நுனிகூட நுழையவில்லை. பத்து மணிக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் கோணமானியை வைத்து இரண்டு முறை அளந்து, நீட்டல் 0 பாகை, அதாவது முழு நேர், மடக்கல் 108 பாகை என்று நோட்டில் எழுதினார். அவர் போன பிறகு நான் சற்று நேரம் அழுதேன். அழுத கையோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ வழக்கம்போல் எண் போட்டுப் பதினொரு கேள்விகள் அனுப்பியிருக்கிறாய். வினாத்தாள் தயாரிக்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் உன்னை விடவில்லை! ஆனால் அந்தப் பதினொன்றும் ஒரே கேள்விதான் என்பது எனக்குப் புரிகிறது. உன் அண்ணனுக்கு முதலில் வைத்த செயற்கை முழங்கால் மூட்டு தளர்ந்துவிட்டது, இரண்டாவது அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள், அவரோ ஒருமுறை பட்டது போதும் என்று மறுக்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்று கேட்கிறாய். என் உடலில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அவர் படித்துப் பார்க்கட்டும்.

முதலில், தளர்ந்ததற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு என்ற எண்ணத்தை அவர் விட்டுவிட வேண்டும். நானும் பல மாதங்கள் என்னையே நொந்துகொண்டேன். தொடை எலும்பின் முனையில் பொருத்திய உலோகத்திற்கும் கால் எலும்பின் மேல் பொருத்திய உலோகத்திற்கும் நடுவே பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நடக்க நடக்க அது தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்கிறது. அத்துகள்களை விழுங்க வரும் உடலின் செல்கள் தூண்டிவிடும் வினையால் சுற்றியுள்ள எலும்பே கரைந்து, உலோகத்தின் பிடி விட்டுப்போகிறது. பதினோரு ஆண்டுகள் நன்றாக உழைத்த மூட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கும் முதல் நாலைந்து அடிகளில் மட்டும் சுரீரென்று வலித்தபோதே எனக்குச் செய்தி சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புக்கும் உலோகத்தை அதில் ஒட்டவைத்த சிமென்ட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது.

எல்லோருக்கும் காரணம் இதுவாகவே இருக்கும் என்பதில்லை. கிருமித் தொற்றாலும் மூட்டு தளரலாம். அதை விலக்க எனக்கு இரத்தத்தில் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். என்னும், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சோதனைகளைப் பார்த்தார்கள், மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்தும் சோதித்தார்கள். தொற்று என்றால் பாதை வேறு. பெரும்பாலும் பழைய மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட் கட்டியைத் தற்காலிகமாக வைத்து, பல வாரம் மருந்து கொடுத்து, அதன்பின் மறுபடியும் திறந்து புதிய மூட்டை வைப்பார்கள். ஆகவே எதனால் தளர்ந்தது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகே நாள் குறிக்கச் சொல்.

அறுவை சிகிச்சையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். முதல் முறையைவிட நேரம் கூடுதல். கரைந்த எலும்பின் இடத்தை நிரப்ப உலோகத் துண்டுகளும், புதிய மூட்டு ஆடாமல் நிற்க எலும்பின் உள்ளே நீளமாக இறங்கும் தண்டுகளும் வைத்திருக்கிறார்கள். பழைய தழும்பின் வழியாகவே திறந்ததால், ஒருமுறை வெட்டுப்பட்டு ஆறிய திசு மறுபடியும் வெட்டுப்பட்டது. முதல் முறை ஆறு வாரத்தில் வந்த அசைவு இம்முறை மூன்று மாதத்தில் வந்ததற்குக் காரணம் அதுதான். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஆறாவது வாரத்தில் நான் அவ்வளவு உடைந்துபோயிருக்க மாட்டேன்.

அந்த ஆறாவது வாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது என் கால் 74 பாகைதான் மடங்கியது; நீட்டும்போது 10 பாகை குறைந்தது. அளவு தேங்கியே நின்றால், மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே காலை மடக்கி, உள்ளே ஒட்டிக்கொண்ட திசுக்களை விடுவிக்க நேரலாம் என்றார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. இந்தக் காலைச் சுமந்துகொண்டு இனி எத்தனை ஆண்டுகள் என்று நினைத்தேன். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை, அதற்கும் மேலே இருண்ட நினைவுகளும் வந்தன. மறுநாள் பிசியோதெரபிஸ்ட்டிடம் அதைச் சொன்னேன். அவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் நாள் முழுதும் என்ன செய்கிறேன் என்று மணி வாரியாகக் கேட்டார். அங்கேதான் பிழை வெளிப்பட்டது.

முழங்காலின் கீழே நான் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். சுகமாக இருக்கும் என்பதால் முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனையில் யாரோ வைத்துவிட்டது. ஒருவரும் எடுக்கச் சொல்லவில்லை. அதே பழக்கத்தில் இம்முறையும் வீட்டில் நானே வைத்துக்கொண்டேன். இரவெல்லாம் சற்றே மடங்கிய நிலையில் கிடந்தால் பின்புறத் தசைநாரும் மூட்டுறையும் அந்த நிலையிலேயே சுருங்கிவிடுகின்றன. பகலில் நான் நீட்டியதையெல்லாம் இரவில் தலையணை திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தை உன்னால் ஊகிக்க முடியும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமே! உன் அண்ணனிடம் முதல் சொல்லாக இதைச் சொல்: முழங்காலுக்குக் கீழே எதுவும் வேண்டாம், குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து முழங்கால் தானாகத் தொங்கித் தாழ விட வேண்டும். முதலில் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காது. நான் இப்போது நாளுக்கு நான்கு முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம் வைக்கிறேன்.

எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்றே கேட்கிறார்கள், நீயும் அப்படித்தான் கேட்டாய். மடங்குவது வேண்டியதுதான். சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை, படி ஏற இறங்க 90 வரை, தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ 100 அல்லது அதற்குச் சற்று மேல் தேவைப்படும். ஆனால் நேராக நீளாத கால் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை ஓய்வில்லாமல் உடலைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நூறடி நடப்பதற்குள் நான் களைத்துப்போனது அதனால்தான். நீட்டல் 3 பாகைக்குள் வந்த வாரத்தில், மடக்கல் ஒரு பாகைகூடக் கூடாமலே, நான் நடக்கும் தூரம் இரண்டு மடங்கானது.

இன்னொரு பிழை என் அவசரத்தால் நேர்ந்தது. ஒன்பதாம் வாரத்தில் உற்சாகம் மிகுந்து ஒரே நாளில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு நடந்தேன். மறுநாள் முழங்கால் வீங்கி, 85 ஆக இருந்த மடக்கல் 75க்கு இறங்கியது. அதைவிட அச்சம் தந்தது வேறொன்று: படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால் தொடை கேட்கவே இல்லை. மூட்டுக்குள் நீர் சேர்ந்தால் தொடையின் முன்தசைக்குப் போக வேண்டிய கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கிவிடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தசை சோம்பிவிடவில்லை, விளக்கைப் போல நரம்புகள் அதை அணைத்து வைத்திருக்கின்றன என்றார் பிசியோதெரபிஸ்ட். காலை இதயத்தின் மட்டத்திற்கு மேலே தூக்கி வைத்தும், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தும் வீக்கத்தை வடியவைத்த பிறகே தொடை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு நாளின் உழைப்பு சரியா என்பதை நான் மறுநாள் காலை முழங்காலைப் பார்த்தே முடிவு செய்கிறேன். வலி மாத்திரையையும் வலித்த பிறகு விழுங்குவதில்லை. மருத்துவர் சொன்ன அளவிலேயே, பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் எடுத்துக்கொள்கிறேன். வீரம் காட்டி மாத்திரையைத் தவிர்த்த நாட்களில் பயிற்சிதான் தவறியது.

உன் அண்ணன் சில சின்னஞ்சிறு விஷயங்களுக்குப் பயப்படுவார், அவர் குணம் எனக்குத் தெரியும். தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும், உள்ளே உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் ஓசை கேட்கும், பல மாதங்கள் முழங்கால் தொட்டால் சற்றுச் சூடாக இருக்கும். எனக்கு இவை மூன்றும் உண்டு, இவை இயல்பே என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் காய்ச்சல், தழும்பிலிருந்து நீர்க்கசிவு, பரவும் சிவப்பு, கெண்டைக்காலில் புதிதாக வலியோடு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினால் அந்தக் கணமே போக வேண்டும். இதில் யாருடைய கைவைத்தியத்தையும் நெருங்க விடாதே.

இப்போது உன் அண்ணனுக்கென்றே ஒன்று. பதின்மூன்றாம் வாரத்தில் என்னை நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிளில் ஏற்றினார்கள். இருக்கையை நன்றாக உயர்த்தியும் பெடல் முழுச் சுற்று வரவில்லை. பாதிச் சுற்று முன்னே, பாதிச் சுற்று பின்னே என்று ஊஞ்சல் போல ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். பதினோரு நாட்கள் அப்படியே ஆட்டினேன். பன்னிரண்டாம் நாள், பின்பக்கமாகச் சுற்றும்போது, கால் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. முன்பக்கச் சுற்று வர மேலும் நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் நான் முழங்காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "கீழே பார்க்காதீர்கள், எதிரே பாருங்கள்" என்றார் பிசியோதெரபிஸ்ட். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளித் திடலில் சைக்கிள் பழகிய நம் இருவர் பின்னாலும் மாறி மாறி ஓடிவந்து இதே சொற்களைக் கத்தியவர் யார் என்று உனக்கு நினைவிருக்கும். அவர் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்தேன், பெடல் சுற்றியது.

உன் அண்ணன் இந்த வலிக்கு அஞ்சுவதில் எனக்குக் குறை ஏதுமில்லை. அந்த அச்சத்தோடுதான் நானும் அறுவை சிகிச்சை மேசையில் படுத்தேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். நாள் குறித்துவிட்டார்கள் என்றால், அதற்கு முந்தைய வாரங்களிலேயே தொடைத் தசையை இறுக்கும் பயிற்சியைத் தொடங்கச் சொல். வலிமையோடு போகும் தசைதான் விரைவாகத் திரும்பி வருகிறது. நான் அதைச் செய்யாமல் போனேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். படியிறங்கும்போது எனக்கு இன்னும் கைப்பிடி வேண்டும். வலது காலை முதலில் இறக்கி, இடது காலை அதன் அருகில் சேர்த்துத்தான் இறங்குகிறேன். ஓராண்டு வரை முன்னேற்றம் இருக்கும் என்கிறார்கள். எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

என் அளவு நோட்டைப் படி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். 10, 10, 9, 9, 9 என்று எண் நகராமலே நாட்கள் போகும் பக்கங்களை அவர் தவிர்க்காமல் பார்க்க வேண்டும். இதற்கான பதிலை நீ எழுத வேண்டாம், அவரையே எழுதச் சொல். மணி நான்காகப் போகிறது. துண்டைச் சுருட்டி வைத்துவிட்டேன், பதினைந்து நிமிடம் காலை நீட்ட வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி