நெட்வொர்க் அடாப்டர் மேலாண்மை மென்பொருளால் ஏற்பட்ட பாதிப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், மருந்துக் கடை, மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

பொருள்: மென்பொருளைப் புதுப்பித்தபோது அடாப்டரின் அமைப்புகள் அழிந்தது – தீர்வும் இழப்பீடும் கோருதல்.

எங்கள் கடையின் முதன்மைக் கணினியில் தங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க் கார்டை, அதாவது பிற கணினிகளுடன் இணைக்கும் அடாப்டரைப் பொருத்தியிருக்கிறோம். மருந்து இருப்பு, பேட்ச் எண், காலாவதித் தேதி, பில் ஆகிய அனைத்தும் அந்தக் கணினியில்தான் உள்ளன. மற்ற பில்லிங் கணினிகள், நெட்வொர்க்கில் அக்கணினியைக் குறிக்கும் 192.168.1.10 என்ற நிலையான ஐபி முகவரி வழியாகவே அதனை அணுகுகின்றன. கார்டைக் குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதனுடன் தாங்கள் வழங்கும் மேலாண்மை மென்பொருளைப் பற்றியே இப்புகார்.

புதிய பதிப்பு வந்திருப்பதாக அந்த மென்பொருளே திரையில் அறிவித்ததால் அதனை நிறுவினேன். கார்டை இயக்கும் பழைய டிரைவர் நிரல் நீக்கப்படும் என்றோ, அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றோ ஒரு வரிகூட அதில் இல்லை. கணினி மீண்டும் இயங்கத் தொடங்கியபோது ‘ஈதர்நெட்’ என்றிருந்த இணைப்பு ‘ஈதர்நெட் 2’ ஆகியிருந்தது. நிலையான முகவரி மறைந்து, ரவுட்டர் தானாகக் கொடுத்த வேறொரு முகவரி வந்திருந்தது. பழைய முகவரியைத் திரும்ப உள்ளிட்டபோது, அது தற்போது கணினியில் இல்லாத வேறோர் அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருப்பதாக விண்டோஸ் எச்சரித்தது. தங்கள் மென்பொருள் பழைய அடாப்டரின் பதிவை முழுமையாக அகற்றாமல் விட்டுச் சென்றதே இதற்குக் காரணம் என்று எங்கள் கணினிப் பழுதுநீக்குநர் கண்டறிந்து, அதனைக் கையால் நீக்கினார். அதன் பிறகும் மற்ற கணினிகளால் இணைய முடியவில்லை. புதிய இணைப்பை விண்டோஸ் நம்பகமற்ற பொது நெட்வொர்க்காகக் கருதியதால், அதன் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் கோப்புப் பகிர்வைத் தடுத்திருந்தது.

கடையில் கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில் இது நடந்தது. இன்சுலின் வாங்க வந்தவர்களைக் காக்க வைத்து, ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் பேட்ச் எண்ணைப் படித்துக் கையால் பில் எழுத வேண்டியதாயிற்று.

இதன் பின் மென்பொருளைக் கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்கினோம். ஆயினும் எந்த நிரலின் தரவுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க அது சேர்த்திருந்த கூறு, அடாப்டரின் பண்புகள் பக்கத்தில் டிக் குறியுடன் அப்படியே இருந்தது. நீக்கிய பிறகும் இணைப்பின் ஒவ்வொரு தரவும் அதன் வழியே செல்வதை எந்த வாடிக்கையாளர் ஏற்பார்?

தங்கள் சேவை மையத்தை அழைத்தபோது, கணினியை ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவுமாறு கூறினார்கள். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத எச்1 அட்டவணை மருந்துகளின் விற்பனைப் பதிவை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கச் சட்டப்படி கடமைப்பட்ட ஒரு கடைக்கு, கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இப்படி ஆலோசனை சொல்வது பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறேன்.

இந்தக் கார்டு விண்டோஸில் உள்ள டிரைவரைக் கொண்டே நன்றாக இயங்குகிறது என்பதை இப்போது நேரில் பார்த்துவிட்டோம். எனவே, டிரைவரை மட்டும் தனியாகப் பதிவிறக்கும் வழியைத் தாங்கள் தர வேண்டும். மேலாண்மை மென்பொருள், நிறுவும்போது ஐபி முகவரி, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் ஆகிய அமைப்புகளைச் சேமித்துத் திரும்ப வைக்கவும், நீக்கும்போது தான் சேர்த்த அனைத்தையும் எடுத்துச் செல்லவும் வேண்டும். அதுவரை, புதுப்பிப்பு அறிவிப்பிலேயே இந்த அபாயத்தைத் தமிழிலும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். சிறு கடைக்காரர்கள் பலர் தாங்களாகவேதான் இதனை நிறுவுகிறார்கள்.

பழுதுநீக்குநருக்குச் செலுத்திய கட்டணத்தின் ரசீதையும், எச்சரிக்கைச் செய்தியின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்) இணைத்துள்ளேன். அந்தத் தொகையைத் திருப்பித் தருவதுடன், மேற்கண்டவற்றுக்கு எழுத்துமூலம் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடை உரிமையாளர்.

இணைப்பு: கார்டு வாங்கிய பில் நகல், பழுதுநீக்கக் கட்டண ரசீது, திரைப்பிடிப்பு.