யாரோடு உட்கார்ந்து கணக்குப் போடப் போகிறாய்?

அன்பு மகளுக்கு,

கோட்பாட்டு இயற்பியல் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு மூன்று இடங்களிலிருந்தும் அழைப்பு வந்துவிட்டது என்று நீ போனில் சொன்ன இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பாதி சந்தோஷம், மீதி பழைய ஞாபகம். அதை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை.

உன் வயதில் நானும் பெயரைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். என் நெறியாளர் பெரிய ஆள். வருடத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். துகள்கள் மோதுவதைக் கணக்கிட வரையும் ஃபைன்மன் படங்கள் இரண்டில் வரும் முடிவிலிகள், அதாவது எல்லையில்லாமல் பெருகும் விடைகள், ஒன்றையொன்று நீக்கிவிட வேண்டும். என் கணக்கில் நீங்கவில்லை. எங்கோ ஒரு கழித்தல் குறி தவறியிருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் பதினோரு நாள் போய் நின்றேன். கடைசியில் வந்தவர், நோட்டைத் திறக்காமலே, "அதை விடு, வேறு ஏதாவது பார்" என்றார். மூன்றாம் வருடம் வெளியே வந்துவிட்டேன். கணக்கு வராததால் இல்லை, கூட உட்கார ஆள் இல்லாததால்.

அதனால்தான் தரவரிசைப் பட்டியலை மூடி வை என்கிறேன். துகள்களுக்கு இடையிலான விசைகளை விளக்கும் யாங்-மில்ஸ் கோட்பாட்டின் முடிவிலிகளை அடக்க முடியும் என்று 1971-இல் காட்டியபோது ஜெரார்டு டூஃப்ட் உட்ரெக்டில் ஆராய்ச்சி மாணவர். அவருடைய நெறியாளர் வெல்ட்மன் அதே முடிச்சோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். 1999-இல் நோபல் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. அப்படித் தன் கேள்வியோடு இன்னும் மல்லுக்கட்டுகிற ஒருவரைத் தேடு.

ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் போடும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில், உன் மூன்று இடங்களிலும் உள்ள நெறியாளர்களின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைத் திற. துகள் கோட்பாட்டில் பெரும்பாலும் அகரவரிசையில்தான் பெயர் போடுவார்கள், அதனால் யார் பெயர் முதலில் என்று பார்க்காதே. மாணவர்கள் பெயர் வருகிறதா, ஒரே மாணவர் இரண்டு மூன்று முறை வருகிறாரா என்று பார். மாணவர் தனியாக எழுதியது ஒன்று இருந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையை விட்டு நடக்கப் பழக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம், அவர்களிடம் ஆராய்ச்சி செய்யும் நாலாம் வருட மாணவர்களுக்கு எழுது. "அவர் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக அவரோடு போர்டு முன்னால் நின்றது எப்போது?" என்று கேள். முடித்தவர்கள் எங்கே போனார்கள், பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்றும் கேட்டுவிடு. இந்த வருடம் மாணவர் எடுக்கிறாரா என்பதை நெறியாளரிடமே நேராகக் கேள். கோட்பாட்டுக் குழுக்களில் ஒரு இடம்கூட இல்லாத வருடங்கள் உண்டு.

பணம் பற்றிச் சுருக்கமாக: கோட்பாட்டுக்காரர்களிடம் ஆராய்ச்சி நிதி குறைவு. பல செமஸ்டர் வகுப்பு எடுத்துத்தான் உதவித்தொகை வாங்க வேண்டியிருக்கும். எத்தனை செமஸ்டர் என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

கருந்துளையா, திண்மப் பொருளா என்று நீ இன்னும் ஊசலாடுகிறாய். ஐரோப்பாவில் மூன்று நான்கு வருடம்தான், பெரும்பாலும் ஆராய்ச்சித் தலைப்போடு போய் நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஐந்தாறு வருடம் ஆனாலும் முதல் ஓரிரு வருடம் பாடம் படித்துக்கொண்டே தேடலாம். உனக்கு அந்த அவகாசம் வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவரை மட்டும் நம்பிப் போகாதே, நீ வேலை செய்யக்கூடியவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும்.

அமெரிக்க இடங்கள் பெரும்பாலும் ஏப்ரல் 15 வரை நேரம் தரும், அவசரப்படாதே. வெள்ளிக்கிழமை பேசப்போவதாக நீ சொன்ன அந்த ஆராய்ச்சி மாணவியோடு பேசி முடித்ததும், என்ன நேரமானாலும் கூப்பிடு. விழித்திருப்பேன்.

உன்
அம்மா