மகளிர் சங்க ஆண்டறிக்கை: கீரையும் கருவாடும்

தலைவி அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், விளக்கடியில் இடம் பிடித்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் நடந்தது. இரண்டு, புயல் எச்சரிக்கையில் போனது. ஒன்று என்னால் போனது; மகளுக்குப் பிரசவம். சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த ஆண்டு சங்கம் உருப்படியாக எடுத்துச் செய்தது ஒரே வேலைதான்: வீட்டுக்கு வீடு காய்கறி. மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கையில் காசு சுருங்கினால் நம் வீடுகளில் முதலில் நிற்பது காய் வாங்குவது. சோறு, புளிச்சாறு, கருவாடு, மறுநாளும் அதேதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வரும் தங்கச்சி, “கருவாடு எத்தனை நாள் சாப்பிடுவீங்க?” என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவோம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், காயும் பழமும் 400 கிராமாவது. ஜூன் கூட்டத்தில் மீன் நிறுக்கும் தராசிலேயே 400 கிராம் நிறுத்துக் காட்டினோம். ஆய்ந்த தண்டுக்கீரை ஒரு கை, கத்தரிக்காய் இரண்டு, தக்காளி ஒன்று, கொய்யா ஒன்று. “ஆத்தாடி, இது எங்க வீட்டுல நாலு பேருக்குல்ல!” என்றார் ஒரு மதினி. அந்த ஒரு சொல்தான் வருஷம் முழுக்க எங்களை வேலை வாங்கியது.

அடுத்து விதை. இதில் ஒரு தவறு என்னுடையது. கடலில் பாசியெடுக்கப் போகும் பெரியம்மா ஒருவர், “நம்ம கிணத்துத் தண்ணிக்கு பீன்ஸ் நிக்காதும்மா” என்று சொல்லியும் கேட்காமல் பீன்ஸ் விதை வாங்கிவிட்டேன். முளைத்தது. இரண்டாம் வாரம் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. காய்கறிகளில் உப்பைத் தாங்கவே மாட்டாதது பீன்ஸ் என்று அதற்குப் பிறகு தெரிந்துகொண்டேன். கொத்தவரை நின்றது. ஐப்பசி மழை மண்ணின் உப்பைக் கழுவி இறக்கிய பிறகு போட்ட தண்டுக்கீரை, கேட்க வேண்டாம், ஆடு மேய்ந்தது போக மிச்சமே ஐந்து வீட்டுக்குக் காணும். முருங்கைக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. அதுபாட்டுக்கு வளர்ந்தது.

முருங்கைக்கீரையை மீன் குழம்பு வைத்த நாளில் தொடமாட்டோம் என்பவர்கள் நம்மிடம் உண்டு. பரவாயில்லை, மற்ற நாளில் செய்யுங்கள். அலசிய பிறகு உருவுங்கள், வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், நாலு சொட்டு எண்ணெயாவது விடுங்கள். கண்ணுக்கு வேண்டிய சத்து எண்ணெயோடுதான் உடம்பில் சேரும். இரும்புச்சத்து சேர எலுமிச்சையோ தக்காளியோ கூட இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பங்கு வீண். டீ விஷயத்தில் இந்தச் சங்கம் தோற்றுவிட்டது என்பதையும் பதிவு செய்கிறேன்.

நோய்க்கு வருவோம். காயிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் ரத்த அழுத்தம் இறங்க உதவும். நார்ச்சத்து சர்க்கரை திடீரென்று ஏறாமல் பார்க்கும். குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. முட்டைக்கோஸ், முள்ளங்கி இனத்தில் புற்றுநோயை எதிர்க்கும் பொருள்கள் இருப்பதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்; மனிதரிடம் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதெல்லாம் வராமல் தடுக்க ஒரு கை கொடுப்பது. வந்த நோயை விரட்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவது வேறு சங்கதி.

அதை என் வீட்டிலேயே பார்த்தேன். பாகற்காய் ஜூஸ் குடித்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வீடியோ. என் வீட்டுக்காரர் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் குடித்தார். மூன்றாம் வாரம் கால் புண் ஆறவில்லை, சர்க்கரை 380. பாகற்காய் நல்ல காய்தான், பொரியலாகச் சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்த அது காரணமாகாது.

“கீரைக்குப் பதில் சத்து மாத்திரை போதாதா?” என்று படித்த பிள்ளைகள் கேட்டார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. கேரட் தின்று யாருக்கும் அப்படி ஆனதில்லை.

எல்லாருக்கும் எல்லாக் கீரையும் ஆகாது. சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டர் சொன்ன அளவோடு நிற்கவும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கருவாட்டை யாரையும் விடச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு நானும் பொருளாளரும் மட்டும்தான் இருப்போம். நன்றாக ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் வையுங்கள். நெத்திலிக் கருவாடு கால் பங்கு, முருங்கைக்காயும் கத்தரியும் முக்கால் பங்கு என்று சில வீடுகளில் மாறியிருக்கிறது. ருசி கெடவில்லை என்பதற்கு நான் சாட்சி.

வரும் ஆண்டுக்கு விதைக்கும் வேலிக்கும் பணம் ஒதுக்கும்படி கேட்கிறேன். வேலி முக்கியம். ஆடு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் சொல்லவில்லை.

கடைசியாக, சங்கத்தின் பிரஷர் மிஷின் மாசியிலிருந்து காணோம். வாங்கிப் போனவர்கள் கொண்டுவந்து தரவும், பேட்டரியோடு.

இப்படிக்கு,
செயலாளர்