2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்காக இயங்கும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கூடியது. பொங்கலுக்கு முன் கோயில் வளாகத்திலும் இடுகாட்டிலும் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி, நடந்தது. முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். தீபாவளிக்கு, தனியாக வாழும் பெரியவர்கள் வீடுகளுக்கு அரிசியும் எண்ணெயும் போய்ச் சேர்ந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை போயாக வேண்டும் என்பதால், கணக்கில் கேள்வி இருந்தால் இன்றே கேட்டுவிடுங்கள்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, மார்ச் மாதம் தொடங்கிய சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக் காலையைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்து சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். சேர வரும் சில பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் வரும் பாட்டின் மெட்டு முழுதாகத் தெரிகிறது, ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மில் பலர், தோட்டத்துப் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர்கள். விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் அணிவகுப்புக்கு, போன தாய்மார் நம்மை அங்கே விட்டுப் போனார்கள். அங்கே வசதி இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சாயங்காலம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பத்துப் பேர் பேசுவார்கள், நடுவில் நாம் தவழ்ந்துகொண்டிருப்போம். இன்று தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டில் இரும்புக் கதவு சாத்தியிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு ஷிஃப்ட், அம்மாவுக்கு வேறு ஷிஃப்ட். பிள்ளையோடு பேச ஆள் குறைந்துபோனது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அதைச் சரிசெய்வது நம் வேலை.

ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பெற்றோருடன் வாரம் ஒருமுறை கூட்டிவைத்து விளையாட விடுவது என்று செயலவை முடிவு செய்தது. முதல் மூன்று சனிக்கிழமையும் கிட்டத்தட்ட யாரும் வரவில்லை. தாய்மார் பலருக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதை யோசிக்காமல் விட்டது என் தவறு. ஞாயிறு காலை 10 மணிக்கு மாற்றியதும் ஆட்கள் வந்தார்கள்.

இரண்டாவது தவறு விளையாட்டுச் சாமான் வாங்கியதில். பொத்தானை அமுக்கினால் நிறமும் எண்ணும் சொல்லும் பேட்டரி பொம்மைகளை நல்ல எண்ணத்தில்தான் வாங்கினோம். கூடத்தில் நடந்ததோ வேறு. பொம்மை பேசியது, பிள்ளை அமுக்கிக்கொண்டே இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். ஒருவர் பேசி இன்னொருவர் பதில் சொல்லும் இடத்தில்தான் பிள்ளைக்கு மொழி வருகிறது. பிள்ளை என்ன சொன்னது என்று பொம்மை கேட்பதில்லை.

அடுத்த வாரம், பழைய தோட்டத்தில் ஆயாவாக இருந்த பாட்டி ஒருவர் பால் டின் இரண்டும், மழமழவென்று தேய்த்த கொட்டாங்கச்சியும், மரக்கரண்டியும் கொண்டுவந்தார். ஒன்றரை வயதுப் பெண் பிள்ளையை மடியில் வைத்து, அதன் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்பு கடைந்தார். அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று விரல் விரலாக மடக்கினார். அப்புறம் நண்டு மெல்ல மெல்லக் கையில் ஏறி, அக்குளுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. பாட்டி பேசவில்லை, பிள்ளையின் முகத்தையே பார்த்தார். பிள்ளை அவர் கையைப் பிடித்து இழுத்து "ம், ம்" என்றது. பிறகுதான் கிச்சுகிச்சு. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் அந்தப் பிள்ளை "நண்டு" என்றது. விளையாட்டு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் மறந்திருந்தோம். கேள்வி கேட்டுவிட்டு நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டுப் பேசுங்கள் என்று இப்போது பெற்றோரிடம் சொல்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியதையே கூடத்திலும் செய்கிறோம். லாரி ஓட்டும் ஓர் அப்பா, பிள்ளையோடு என்ன பேசுவது என்றே தெரியவில்லை என்றார். காய்ந்த துணிக்கூடையைக் கொடுத்து மடிக்கச் சொன்னோம். அப்பா சட்டை, பாப்பா சட்டை, அம்மா துண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, மகன் எடுத்துக் கொடுத்தான். இரண்டு வயதை ஒட்டி வரவேண்டிய இரண்டு சொல் பேச்சு அந்தக் கூடைக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் வாளியும் குவளையும் கொடுத்தால் உள்ளே, வெளியே, மேலே, கீழே, ஊத்து, போதும் எல்லாம் வந்துவிடும். முகத்தைத் துண்டால் மூடி "காணோமே" என்பதைப் பிள்ளைகள் எத்தனை முறை கேட்டாலும் செய்யுங்கள். நமக்குத்தான் சலிப்பு, அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் படிப்பு. சொப்புச் சாமானில் இல்லாத தேநீரை ஊற்றிக் குடிப்பதும் சும்மா இல்லை. ஒன்றை இன்னொன்றாக நினைக்கத் தெரிந்தால்தான் ஒரு சொல் ஒரு பொருளுக்கு நிற்கும் என்பது பிடிபடும்.

எனக்கு மிகவும் பிடித்தது படங்கள் வைக்கும் பை. கைப்பேசியில் கிடக்கும் குடும்பப் படங்களைச் சிலவற்றை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தோம். பெரியம்மா, சித்தப்பா, அத்தை, தாத்தா என்று ஒவ்வொருவராகக் காட்டிப் பேசும்போது, கிள்ளானில் இருக்கும் அத்தையும் ஜொகூரில் இருக்கும் மாமாவும் பிள்ளைக்குச் சொந்தமாகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நாம் சிறுவயதில் ரப்பர் கொட்டையைப் பொறுக்கி விளையாடினோம், அதனால் இவர்களுக்கும் கொடுக்கலாம் என்று சிலர் கொண்டுவந்தார்கள். வேண்டாம். மூன்று வயதுக்குள் எல்லாம் வாய்க்குத்தான் போகும். தொண்டையில் சிக்கும், பச்சைக் கொட்டையில் நஞ்சும் உண்டு. புளியங்கொட்டையும் சோழியும்கூட இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.

பெற்றோர் அதிகம் கேட்டது எந்த மொழியில் பேசுவது என்றுதான். பாலர் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் இருக்கிறதே, வீட்டில் தமிழ் பேசினால் குழம்பிப் பேச்சு தாமதமாகாதா என்கிறார்கள். ஆகாது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இரண்டு வயதில் 50 சொல்லாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது, பூனை என்றாலும் மலாயில் கூச்சிங் என்றாலும் இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்களுக்கு வாய்க்கு வரும் மொழியில், கோபமும் கொஞ்சலும் தானாக வரும் மொழியில் பேசுங்கள். நம் ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறியும் நம் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வீட்டில் பேசிய சொல் அவ்வளவு எளிதில் வாயை விட்டுப் போவதில்லை.

கைப்பேசி பற்றியும் சண்டை போடாமல் பேசினோம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. சோறு ஊட்டும்போது மட்டுமாவது எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். என் பேரனுக்கு நானும் திரையைக் காட்டித்தான் ஊட்டினேன். இப்போது சன்னலில் காக்காவைக் காட்டுகிறேன். நேரம் கூடுதலாகிறது, ஆனால் "காக்கா போச்சு" என்கிறான்.

ஒரு பையன் இரண்டரை வயதாகியும் பேசவில்லை. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். பின்னாலிருந்து டின்னைத் தட்டியும் அவன் திரும்பாததைப் பாட்டிதான் கவனித்தார். கிளினிக் வழியாக மருத்துவமனைக்குப் போனபோது இரண்டு காதிலும் நீர் கோத்திருப்பது தெரிந்தது. சிகிச்சை நடக்கிறது, ஞாயிறுதோறும் வருகிறான். நாம் மருத்துவர்கள் இல்லை. சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் காதைப் பரிசோதிக்கச் சொல்வதுவரைதான் நம்மால் முடியும், அதைக் கட்டாயம் செய்வோம்.

பேட்டரி பொம்மைகளுக்குச் செலவான பணத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன். அதற்குப் பிறகு வாங்கியவை பாய்களும் பட உறைகளும் மட்டுமே.

இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருக்கும் குடும்பங்களுக்கு ஞாயிறு காலை டவுனுக்கு வர வண்டி இல்லை. அவர்களுக்காக மாதம் இருமுறை லயத்துக்கே போய் விளையாட்டுக் காலை நடத்தலாம் என்ற தீர்மானம் இன்றைய கூட்டத்தின் முன் இருக்கிறது. அதற்கு இரண்டு பேர் தேவை. பிள்ளைகளோடு தரையில் உட்கார முடிந்தவர்களாக இருந்தால் போதும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். பால் டின் கொண்டுவருகிறவர்கள் விளிம்பை மழுக்கிக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்