முதல் வருட லீவுக்குள் அடங்காத கிளினிக்: கொழும்பு முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கும், செட்டியார் தெரு நகைக் கடைக்காரர்களுக்கும், வெள்ளவத்தைப் புடவைக் கடை முதலாளிமாருக்கும், கந்தோர்களில் ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வேலை தேடி வருகிறவரைப் பார்த்துப் பாவப்படாத முதலாளி குறைவு. எடுத்தால் எப்படி வைத்திருப்பது என்று தெரியாமல்தான் பலர் "பிறகு சொல்லுறம்" என்கிறீர்கள். எப்படி வைத்திருக்கலாம் என்பதை எழுதுகிறோம்.

முதலில் லீவுக் கணக்கு. சேர்ந்தவர்கள் தடுக்கி விழுவது அதிகமும் இங்கேதான். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி முதல் வருடத்தில் முழுதாக வேலை செய்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் அமய லீவு. 14 நாள் வருடாந்த லீவெல்லாம் அடுத்த வருடத்துப் பேச்சு. சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வருடம் பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கிளினிக். விடிய 138 பஸ் ஏறி மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய நாள் முடிந்தது. இரத்தப் பரிசோதனைக்கோ ஸ்கேனுக்கோ இன்னொரு நாள். நாலு கிளினிக் எட்டு நாளாகும். கையில் இருப்பதோ ஆறு. காய்ச்சலுக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது. தகுதிகாண் காலத்தில் இது "வரவு ஒழுங்கில்லை" என்று பதிவாகி ஆள் வெளியே போகிறார்.

இதைத் தவிர்ப்பது கஷ்டமில்லை. அடுத்த திகதி கிளினிக் கொப்பியில் முன்பே எழுதியிருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அந்தக் கிழமையின் ஓய்வு நாளைக் கிளினிக் நாளுக்கு மாற்றுங்கள். முடிந்தவர்கள் வருடத்துக்கு நாலு நாள் மேலதிகமாகக் கொடுங்கள். ஆள் மாறி ஆள் எடுத்துப் பழக்குவதைவிட அது மலிவு.

அடுத்தது வைத்தியர் கடிதம். "வேலைக்குத் தகுதியானவர்" என்ற ஒரு வரி உங்களுக்கும் வேலைக்கு வருகிறவருக்கும் உதவாது. கடையில் என்ன வேலை என்பதை அரைப் பக்கம் எழுதி அவரிடமே கொடுத்தனுப்புங்கள்: எத்தனை கிலோ தூக்க வேண்டும், எத்தனை மணித்தியாலம் நிற்க வேண்டும், நெருப்போ குளிரறையோ உண்டா. வைத்தியர் அதற்கு நேரே பதில் எழுதுவார். நோயின் பெயரையோ கட்டத்தையோ கேட்காதீர்கள்; ரோஸ்டர் போட அது தேவையில்லை.

எதில் கவனம் வேண்டும் என்பது சிகிச்சையைப் பொறுத்தது. மார்பகச் சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணு எடுத்தவருக்கு அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். அதற்காகக் கையைக் கட்டிவைக்க வேண்டாம். மேல் தட்டிலிருந்து துணிக் கட்டைத் திடீரென இழுத்து இறக்குவதுதான் ஆபத்து; பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் பழகும். சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும், சூடு தெரியாது. அவரைப் பொன் பற்றவைக்கவோ கல் பதிக்கவோ விடாமல் நிறுவை, பில் பக்கம் வையுங்கள். வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவருக்கு வாய் முழுதாகத் திறக்காது, சாப்பிட நேரம் எடுக்கும். 20 நிமிடத்தில் சாப்பிட்டு எழும்பச் சொல்லாதீர்கள். (மேசையில் வெற்றிலைத் தட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கும் நல்லது.) நாட்டாமி வேலை செய்தவரை மூட்டைக்கே திரும்பக் கூப்பிடாமல் சரக்குக் கணக்குக்கு எடுக்கலாம், எந்தச் சரக்கு எந்த மூலையில் என்று அவருக்குத்தான் தெரியும்.

சிகிச்சைக்குப் பிந்தைய களைப்பு நித்திரையால் தீராது. ஆகவே முதல் இரண்டு கிழமை, கிழமைக்கு மூன்று நாள், காலை 10 முதல் 2 வரை. பஸ் நெரிசலும் தப்பும். அடுத்த இரண்டு கிழமை அதே நேரம், ஐந்து நாள். ஐந்தாம், ஆறாம் கிழமை ஆறு மணித்தியாலம், பிறகு முழு நாள். இரண்டாம் கிழமையில் ஆள் சுறுசுறுப்பாகத் தெரிவார், முதலாளி முழு நாள் போடுவார், மூன்றாம் கிழமை படுத்துவிடுவார். வழமையாகக் கெட்டுப்போவது இப்படித்தான். மறுநாள் காலையிலும் களைப்பு விடவில்லை என்றால் அதே கிழமையைத் திரும்பச் செய்யுங்கள். அரை நாளுக்கு எவ்வளவு சம்பளம் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 வீதம், உங்களுடைய 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம்: தகுதிகாண் காலமென்றாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்து நோயில் விழுந்தவரிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கும் பழக்கத்தையும் விடுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 180 நாள் வேலை செய்த ஒருவரை அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல், ஒழுக்காற்றுக் காரணம் தவிர, நிறுத்த முடியாது என்கிறது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று காட்டப் போனால் தொழில் திணைக்களத்தில் பதில் சொல்ல வேண்டி வரும்.

நேர்முகப் பரீட்சையில் "திரும்ப வருமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரிடமும் பதில் இல்லை. "இந்த வேலையில் எது உங்களுக்குக் கஷ்டம், எந்த நாளில் கிளினிக்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் உடனே பதில் வரும்.