ஊரணித் தண்ணீருக்குள் மனம் உண்டா? அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களாக வரும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

மேலூர்ப் பக்கம் விலங்கியல் பாடம் எடுப்பவன் நான். போன கண்காட்சியில் எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊரணித் தண்ணீரையும் மைக்ரோஸ்கோப்பையும் மேசையில் வைத்து, சார்ட்டில் 'இதற்கு மனம் உண்டா?' என்று எழுதியிருந்தாள். வந்த நடுவர் லென்ஸில் கண் வைக்கவே இல்லை. "எல்லாம் கெமிக்கல் ரியாக்ஷன்மா. குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. இதுக்கு ஏது மனசு?" என்றார். அடுத்த மேசையில் சோடா உப்பு எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது; நகர்ந்துவிட்டார். பரிசும் எரிமலைக்கே. அதில் வருத்தமில்லை (கொஞ்சம் உண்டு). எனக்கு வழக்கு அந்தப் பதிலோடுதான்.

லென்ஸுக்கு அடியில் இருந்தது ஸ்டென்டார். ஒரே செல். ஊதுகுழல் வடிவத்தில், அடிமுனையால் பாசியைப் பற்றிக்கொண்டு நிற்கும். அதன் வாய்ப்பக்கம் பொடியை விட்டுக்கொண்டே இருந்தால் உடலை வளைத்து ஒதுங்கும். ஓரத்தில் மயிர்போல் இருக்கும் குறுஇழைகளை எதிர்ப்பக்கமாக அடித்துப் பொடியைத் தள்ளிவிடும். அதற்கும் தொல்லை தீரவில்லையா, வெடுக்கென்று சுருங்கும். கடைசியில் பிடியை விட்டு நீந்திப் போய்விடும். ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர் 1906-இல் வெளியிட்ட நூலிலேயே இது இருக்கிறது. பின்னால் சிலர் செய்து பார்த்து, அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வேறொரு ஸ்டென்டார் இனம். 2019-இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளிக் குழு பிளாஸ்டிக் மணித்துகள்களை விட்டுப் பார்த்தது. வரிசை எல்லா நேரமும் ஒன்றுபோல் இல்லை, ஆனால் படிப்படியாக மாற்று வழி தேடுவது உண்மை. சுருங்குவதா, பிடியை விடுவதா என்ற கட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட பூவா தலையா!

ஆக, கணக்கு நடக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவும் சில நொடிகளுக்கு முந்தைய உணவுச் செறிவை இப்போதையதோடு ஒப்பிட்டுத்தான் போகும் வழியை மாற்றுகிறது. அந்தச் சின்ன நினைவு, உணவை உணரும் அதன் ஏற்பிப் புரதங்களில் ஒட்டும் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகளில் இருக்கிறது. 'வெறும் வேதியியல், ஆகவே மனம் இல்லை' என்றால், நரம்பு செல்களுக்கு உள்ளே வெளியே சோடியமும் பொட்டாசியமும் போய்வந்தே வேலை நடக்கும் நம் மண்டைக்கும் அதே தீர்ப்புதானே? நடுவருக்கும் சேர்த்து. கணக்குப் போடுவதாலேயே மனம் வந்துவிடும் என்பவர்கள் கடைக்காரரின் கால்குலேட்டருக்குப் பதில் சொல்லட்டும்.

மண்ணில் வாழும் சி.எலிகன்ஸ் புழுவுக்கு 302 நரம்பு செல்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-இலேயே வந்துவிட்டது. அதை விரித்து வைத்துக்கொண்டும், குத்தினால் அதற்கு வலிக்குமா என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. தொல்காப்பியர் மனத்தை ஆறாம் அறிவாக்கி மக்களுக்குக் கொடுத்தார்; கூடவே 'பிறவும் உளவே' (அந்த வகையில் வேறு உயிர்களும் உண்டு) என்றும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார்.

என்னைக் கேட்டால், ஸ்டென்டாருக்கு வலி தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அது என் சாய்வுதான், சோதனை முடிவு இல்லை. அதனால் அந்தப் பிள்ளையிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "எதைப் பார்த்தால் 'மனம் இல்லை' என்று நீயே ஒத்துக்கொள்வாய்?" பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள், தடுமாறினால் குறையுங்கள்.

இந்த ஆண்டும் அவள் வருகிறாள். ஒரு வேண்டுகோள்: மேசையைத் தட்டினாலே ஸ்டென்டார் சுருண்டுவிடும், மறுபடி நீண்டு நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவள் மேசைக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
மேலூர் வட்டார விலங்கியல் ஆசிரியர் ஒருவர்