படித்தால் உன் குரல் போய்விடாது

அம்மாடி,

கதை வந்தது, நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். அந்த மாமியார் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதில் ஒரு வரிகூட மாற்றாதே. ஆனால் நீ போனில் சொன்னதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது. பழைய காவியம், கதை என்று பழசையெல்லாம் படித்தால் அதை எழுதியவர்கள் மாதிரியே எழுத வந்துவிடும், என் குரல் போய்விடும் என்றாய்.

படிக்காமல் இருந்தால் மட்டும் யார் சாயலும் ஒட்டாதா? மூன்றாம் பக்கத்தில் 'இதயம் சுக்குநூறாக உடைந்தது' என்று எழுதியிருக்கிறாய், அது உன் குரலா? சீரியலில் காதில் விழுந்தது, உனக்கே தெரியாமல் கைக்கு வந்துவிட்டது. நீயாகத் தேடிப் படித்தது என்றால் எது யாருடையது என்றாவது தெரியும், வேண்டாததைத் தள்ளலாம்.

ராமாயணத்து அகலிகையையே எடுத்துக்கொள், கௌதம முனிவரின் மனைவி, இந்திரன் அவர் உருவில் அவளிடம் வந்த கதை. வால்மீகியில் வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே அவள் இசைகிறாள். சாபமும் கல்லாவது இல்லை, காற்றை மட்டும் உண்டு, யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடப்பது. தமிழில்தான் சங்க நூலான பரிபாடலிலேயே, 19ஆம் பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காட்டிச் சொல்கிறவர்கள் இது பூனையாக வந்த இந்திரன், இவள் அகலிகை, இது அவள் கல்லான கோலம் என்கிறார்கள். கம்பனும் அந்தக் கல்லை வைத்துக்கொண்டான், ஆனால் அவள் மனசை மாற்றிவிட்டான். கம்பனின் அகலிகைக்கு, வந்தவன் கணவன் இல்லை என்று கூடியிருக்கும்போது நடுவில்தான் தெரிகிறது. "உணர்ந்தனள், உணர்ந்த பின்னும்" தகாது என்று விலகவில்லை. கொஞ்சம் தள்ளி அதே கம்பன் "நெஞ்சினால் பிழைப்பு இலாளை" ஏற்றுக்கொள் என்று கௌதமனிடம் விசுவாமித்திரனைச் சொல்ல வைக்கிறான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து படித்துப் பார், இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் 1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதுகிறார். சீதை தீக்குளித்த கதையை அவள் வாயாலேயே கேட்டு, ராமன் அப்படிக் கேட்டானா என்று அதிர்ந்து, அகலிகை திரும்பவும் கல்லாகிவிடுகிறாள். முதலில் அவளைக் கல்லிலிருந்து எழுப்பியவன் அந்த ராமன்தான் என்று தெரிந்தவனுக்குத்தானே அந்த இரண்டாவது கல் நெஞ்சில் இடிக்கும்? ஆனால் நடை முழுக்க அவருடையது, கம்பனின் ஒரு விருத்தத்தைக்கூட நகல் எடுக்கவில்லை. ராமாயணம் தெரிந்தவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை என்று கதையின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பும் வைத்துவிட்டார். அந்தத் துணிச்சல் ராமாயணத்தை ஊறப் படித்ததால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீ பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவரை விழுந்து விழுந்து படித்தால் கொஞ்ச நாள் கை அவர் மாதிரியேதான் ஓடும். ஓடட்டும், எழுது, அதை யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொள். அந்தப் பழைய தமிழில் எழுது என்றும் நான் சொல்லவில்லை. 'இயம்பினாள்', 'நவின்றாள்' எல்லாம் உனக்கு வேண்டாம், உன் மாமியாருக்கு அது வாயில் நிற்காது.

உன் கதைக்கு வருகிறேன். கடைசியில் அந்தப் பெண் புருஷனை மன்னித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாளே, ஏன்? கதையில் காரணமே இல்லை, கதை என்றால் அப்படித்தான் முடியும் என்று முடித்தது மாதிரி இருக்கிறது. நீ திட்டுகிற அந்த 'பழசு' உண்மையில் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அகலிகையை இந்த மூன்று பேரிடமும் படித்துவிட்டு அந்தக் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் திரும்ப எழுது. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, அம்மாவும் படிக்க வேண்டும் என்கிறாள்.

அப்பா